நாவல் பகடியில் சிலேடை ஏன் அலுக்கிறது?

நாவல்பழம்:
புகழ்பெற்ற 19-ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் பகடியாக்கி வருகிறேன். வரிக்கு ஒரு சிலேடை. மூலம் தெரிந்தவர்களுக்கே மூன்றாம் பக்கத்தில் அலுத்துவிடுகிறது. எதை வெட்டலாம்? பெயர்களையும் மாற்ற வேண்டுமா?

கிறுக்கல்:
வெட்டுவதற்கு முன், பாமெலா என்ற ஆங்கில நாவலைப் பகடி செய்து ஹென்றி ஃபீல்டிங் எழுதிய ஷாமெலாவைப் பாருங்கள். பணிப்பெண் ஒருத்தியின் கடிதங்களாக அமைந்த ரிச்சர்ட்சனின் பாமெலா வந்தது 1740-இல். ஃபீல்டிங் அடுத்த ஆண்டே புனைபெயரில் ஷாமெலாவை வெளியிட்டார். பெயரின் தொடக்கத்தை மட்டும் மாற்றினார். 'ஷாம்' என்றால் பாசாங்கு. மூலத்தில் எஜமானுக்குப் பெயர் இல்லை, வெறும் 'திரு. பி.' தான். அந்த இடத்தை 'பூபி', அதாவது மண்டு, என்று நிரப்பினார். நாயகி பெருமையாகப் பேசும் 'வெர்ச்சூ' (கற்பு) கொச்சையில் 'வார்ட்டூ' ஆனது. மூன்றுக்குமே இடம் கொடுத்தது மூலம்தான்.

தமிழில் என்றால் நாயகியின் கடிதங்களில் மட்டும் 'கற்பு' என்பதைக் 'கர்ப்பு' ஆக்கலாம். பார்த்தால் எழுத்துப்பிழை; உள்ளே கர்ப்பம் எட்டிப் பார்க்கும். ஷாமெலாவுக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை உண்டு, ஆகவே கதையிலும் உட்காரும்.

உங்கள் மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பிடியுங்கள். அதைத் தொடாத சிலேடைகளை எல்லாம் தூக்கிவிடலாம். பெயர் மாற்றமும் அப்படித்தான்: பழைய பெயர் காதில் ஒலிக்காவிட்டால் பகடியே இல்லை.

ஒற்றுப்புள்ளி:
இன்னொரு சிக்கல், பிரிமொழிச் சிலேடை, அதாவது சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தருவது. செய்யுளில் சேர்த்தே எழுதுவதால் 'பலகை' பலகையாகவும் பல கையாகவும் நிற்கும். உரைநடையில் இடைவெளி விட்டதுமே ஒரு பொருள் செத்துவிடும். உரையாடலில் வையுங்கள்: ஒருவர் சொல்ல, மற்றவர் வேறாகப் பிரித்துக் கேட்கட்டும். வேங்கை (மரம், புலி) போல, பிரிக்காமலே இரு பொருள் தரும் செம்மொழிச் சிலேடைக்கு இந்தத் தொல்லை இல்லை.

மெய்ப்புப் பார்ப்பவர் 'கர்ப்பு'வை நல்லெண்ணத்தோடு திருத்திவைப்பார். வேண்டுமென்றே செய்த பிழைகளின் பட்டியலைக் கோப்போடு அனுப்பிவிடுங்கள்.

நாவல்பழம்:
நன்றி. மூலத்தின் வாக்கியங்களை அப்படியே எவ்வளவு வைக்கலாம்?

கிறுக்கல்:
நிறையவே. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுக்கு 2009-இல் வந்த ஸோம்பி (நடைப்பிண) வடிவம் அவருடைய வாக்கியங்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு நடுநடுவே பிணங்களை நுழைத்தது. நடை மாறாததால்தான் சிரிப்பு. ஆனால் மூலத்துக்குக் காப்புரிமை முடிந்திருந்தாலும் அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். நீங்கள் கையில் வைத்திருப்பது மொழிபெயர்ப்பு என்றால் முதலில் அதைப் பாருங்கள்.