‘மியர் எக்ஸ்போஷர் எஃபெக்ட்’: ‘தென்படல் விருப்பு’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதாலேயே அதன்மேல் விருப்பம் உண்டாவதைச் சமூக உளவியலில் ‘மியர் எக்ஸ்போஷர் எஃபெக்ட்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் இதற்கு ‘வெறும் வெளிப்பாட்டு விளைவு’, ‘பழக்க விளைவு’, ‘பரிச்சய விளைவு’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் பார்வையில் ஒருவரைப் பற்றி எழும் எண்ணம், ஒருவர்பால் மற்றவருக்கு உண்டாகும் ஈர்ப்பு ஆகியவற்றைப் படிக்கும் மாணவர் இக்கருத்தைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறார். அங்கே சொல் தவறினால் பின்னால் வரும் ஆய்வுகள் அனைத்தும் அவருக்குத் தவறாகவே விளங்கும் என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

கருத்தை வரையறுத்துப் பெயர் தந்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் ஸாயொன்ஸ், ஆண்டு 1968. பொருளற்ற சொற்கள், சீன எழுத்தைப் போன்ற வடிவங்கள், முன்பின் அறியாதவர்களின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைச் சிலமுறையும் பலமுறையுமாக, கூடிய அளவாக 25 முறை வரை, அவர் மாணவர்களுக்குக் காட்டினார். அடிக்கடி வந்தவற்றையே அவர்கள் நல்லவையாகவும் விருப்பத்துக்குரியவையாகவும் மதிப்பிட்டனர். ஒரு தூண்டல் (சொல், வடிவம், முகம் என எதுவாகவும் இருக்கலாம்) ஒருவருடைய புலனுக்கு எட்டுகிறது என்பதற்கு மேல் வேறெதுவும் நிகழாத நிலையைத்தான் அவர் ‘மியர்’ (வெறும்) என்ற அடையால் குறித்தார். அப்பொருளால் ஆதாயமோ தண்டனையோ கிடையாது. அதனோடு பேச்சோ கொடுக்கல் வாங்கலோ கிடையாது.

1969இல் அவரும் ராஜெக்கியும் வெளியிட்ட ஆய்வை மாணவர்களுக்கு நான் விரும்பி எடுத்துக்காட்டுவதுண்டு. மிச்சிகன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களில் மாணவர் நாளிதழ்களில், துருக்கிமொழிச் சொற்களைப் போன்ற ஒலியுடைய சொற்கள் எந்த விளக்கமும் இன்றி விளம்பரம் போல அச்சிடப்பட்டன. சில சொற்கள் ஒரே ஒருமுறையும் சில 25 முறையும் வந்தன. ஓரிதழில் அடிக்கடி வந்த சொல் மற்ற இதழில் அரிதாக வருமாறு மாற்றியும் அமைத்திருந்தார்கள். பின்னர், ‘இச்சொற்களின் பொருள் நல்லதாக இருக்குமா, கெட்டதாக இருக்குமா?’ என்று மாணவர்களைக் கேட்டபோது, அந்தந்த வளாகத்தில் அடிக்கடி அச்சானவையே நல்ல பொருளுடையவை என்று பெரும்பாலும் விடை கிடைத்தது. சொல்லின் ஒலியழகு காரணமாக இருந்திருந்தால் இரு வளாகங்களிலும் ஒரே சொற்களே உயர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘வெளிப்பாடு’ என்பது உள்ளிருப்பது வெளியே வருவதைக் குறிக்கும் சொல். கலை வெளிப்பாடு, உணர்ச்சி வெளிப்பாடு என்றே அது நிலைபெற்றுவிட்டது. ‘வெறும் வெளிப்பாட்டு விளைவு’ என்று படிக்கும் மாணவர், யாரோ தம் மனத்தைத் திறந்து காட்டியதால் நேர்ந்த விளைவு என்றுதான் கொள்வார். தம்மைப் பற்றிய செய்திகளைப் பிறரிடம் பகிர்வதால் நெருக்கம் வளர்வது சமூக உளவியலில் வேறொரு தலைப்பு, இரண்டும் குழம்பிப்போகும்.

‘பழக்கம்’ என்பதன் சிக்கல் இதைவிட ஆழமானது. ‘நன்றாகப் பழகுவார்’, ‘பழகிப் பார்த்தால்தான் தெரியும்’ என்று நாம் சொல்லும்போது, இருவர் தம்முள் பேசிக் கலந்து நடப்பதையே குறிக்கிறோம். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்ற குறளிலும் பழகுதல் என்பது ஒருவரோடொருவர் கூடி ஒழுகுதல்தான்; நேரில் பழகாமலே நண்பர்களான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் உரையாசிரியர் பரிமேலழகர் அங்கே நினைப்பதும் அதனாலேயே. பேச்சு வார்த்தையோ கொள்வினை கொடுப்பினையோ இல்லாத நிலைக்குரிய கருத்துக்கு இச்சொல்லைச் சூட்டினால், கருத்தின் உயிர்நாடியையே வெட்டிவிடுகிறோம். போதாக்குறைக்கு, அன்றாடச் செயல் வழக்கமாவதற்கும் இதே சொல்லைத்தான் பாடநூல்களில் ஆள்கிறோம்.

‘பரிச்சயம்’ ஓரளவு நெருங்கிவருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பரிச்சயம் என்றால் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்ற அறிதல் உள்ளத்தில் இருந்தாக வேண்டும். 1980இல் குன்ஸ்ட்-வில்சனும் ஸாயொன்ஸும் ஒழுங்கற்ற எண்கோண வடிவங்களை ஒரு மில்லிவினாடி மட்டுமே காட்டிச் சோதித்தார்கள். எதை முன்பு பார்த்தோம் என்று அடையாளம் காட்டச் சொன்னபோது விடைகளில் 48 விழுக்காடே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொன்னாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோதோ, விடைகளில் 60 விழுக்காடு முன்பு காட்டிய வடிவங்களையே தேர்ந்தன. தெரியும் என்ற அறிதல் சிறிதும் இல்லாதபோதும் விருப்பம் தோன்றியிருக்கும்போது, அதற்குப் பரிச்சயம் என்று பெயரிடுவது முறையாகாது.

எக்ஸ்போஷர் என்பதை அன்றாடத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ‘வெயில் படும்படி காயவை’, ‘காற்றுப் படாமல் மூடி வை’, ‘கண்ணில் பட்டது’ என்கிறோம். ‘படு’ என்னும் வினையே அந்தப் பணியைச் செய்துவருகிறது. ‘கண்படல்’ என்று சொல்லாக்கினால் கண்ணேறாகவும் உறக்கமாகவும் பொருள் திரியும். ‘தென்படல்’ என்பதில் அந்த இடர்ப்பாடு இல்லை. ‘அவர் இந்தப் பக்கம் அடிக்கடி தென்படுவார்’ என்று ஒருவர் சொன்னால், அவரோடு பேசியதாகவோ அவரைத் தேடிப் போனதாகவோ யாரும் கொள்ளமாட்டார்கள். அவர் கண்ணுக்கு எட்டினார், அவ்வளவுதான். ஸாயொன்ஸ் ‘மியர்’ என்ற அடையைச் சேர்த்துப் பெற்ற பொருள் தென்படு என்ற வினையில் இயல்பாகவே அடங்கியிருப்பதால், ‘வெறும்’ என்பது நமக்குத் தேவைப்படாது.

‘விளைவு’ என்னாமல் ‘விருப்பு’ என்றதற்கும் காரணம் உண்டு. தென்படுவதால் என்ன விளைகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுமானால், படிப்பவர் வரையறையைத் தேடி ஓடவேண்டியதில்லை. ஏனைய விளைவுகளோடு ஒரே வரிசையில் இடவேண்டும் என்போர் ‘தென்படல் விளைவு’ என்று ஆளலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லாண்டும் பீச்சும் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வை இச்சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘தோற்றத்தில் ஏறத்தாழ ஒத்த நான்கு பெண்களுள் ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை, மற்ற மூவர் முறையே 5, 10, 15 வகுப்புகளில் மாணவர்களுக்குத் தென்பட்டனர். அவர்கள் யாரிடமும் பேசவில்லை. பருவ இறுதியில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, கூடுதலாகத் தென்பட்டவரே கூடுதலாக விரும்பப்பட்டார்.’ இதில் ‘தென்பட்டனர்’ என்ற இடத்தில் ‘பழகினர்’ என்றோ ‘வெளிப்பட்டனர்’ என்றோ மாற்றிப் படித்துப் பாருங்கள். ஆய்வின் பொருள் உடனே கெட்டுவிடும்.

தென்படல் என்பது கட்புலனுக்கு மட்டும் உரியது, திரும்பத் திரும்பக் கேட்ட மெட்டு பிடித்துப்போவதற்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ‘புலன்படல்’ என்ற சொல்லையும் இதற்காகவே எண்ணிப் பார்த்தேன். ஆனால் அது ‘புலப்படல்’ என்பதோடு மயங்கும். புலப்படல் தெளிவாக விளங்குவதைக் குறிக்கும் என்பதால், அடையாளம் காணாமலே விருப்பம் தோன்றிய 1980ஆம் ஆண்டு ஆய்வுக்கு நேர்முரணாகிவிடும். ‘நோக்கு’ கண்ணின் செயலிலிருந்து கருத்து, குறிக்கோள் என்பவற்றுக்கு விரிந்ததைப் போலத் தென்படலும் கலைச்சொல்லாகும்போது செவிப்புலனுக்கும் விரியும் என்றே நம்புகிறேன்.

‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்ற பழமொழி இக்கருத்தையே மறுக்கிறதே என்றும் கேட்கலாம். பழமொழி பேசுவது பழகுதலை. அது தென்படலுக்கு அடுத்த கட்டம். எனினும் அதன் எச்சரிக்கைக்கு ஆய்விலும் இடமுண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளை 1989இல் தொகுத்து ஆராய்ந்த பார்ன்ஸ்டைன், தென்படல் அளவுமீறிப் பெருகினால் சலிப்பு தோன்றி விருப்பம் குறையக்கூடும் என்பதைக் காட்டினார். அந்நிலையை ‘மிகைத்தென்படல்’ எனலாம். தொடக்கத்திலேயே வெறுப்பூட்டிய ஒன்று மீண்டும் மீண்டும் எதிரே வந்தால் விருப்பம் பிறந்துவிடாது என்பதையும் விளக்கக்குறிப்பில் சேர்த்தாக வேண்டும். இல்லையேல் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினாலே எப்பொருளும் விற்றுவிடும் என்ற தவறான முடிவுக்குப் படிப்பவர் போய்விடுவார்.

பட்டியலில் இதை ஒட்டி வரும் ‘ப்ரொபிங்க்விட்டி’ (இடத்தால் அருகருகே இருத்தல்) என்பதற்கும் இதே சொல்லை இடலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகியோர் காட்டியது, அருகருகே வாழ்வோர் அடிக்கடி சந்தித்துப் பேசி நண்பர்களாவதை. அங்கே உண்மையாகவே பழகுதல் நிகழ்கிறது. அதற்கு ‘அண்மை ஈர்ப்பு’ என்பது போதும்.

பதிவுக்குரிய வரையறை வரைவு இது: ‘தென்படல் விருப்பு: ஒரு தூண்டல், வேறெந்தப் பயனும் தொடர்பும் இன்றி, ஒருவருடைய புலனுக்குத் திரும்பத் திரும்ப எட்டுவதால் மட்டுமே அதன்பால் அவருக்கு விருப்பம் மிகுதல்.’ இதில் ‘தூண்டல்’ என்பதற்கு மாறாகப் ‘பொருள்’ என்று எளிமைப்படுத்தினால் முகங்களும் மனிதர்களும் அடங்காமல் போவார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அந்த ஓர் இடத்தைப் பற்றி உளவியல் கற்பிக்கும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்