டிசம்பர் மழையில் மாங்காய் வற்றல் போடுவது எப்படி?

கேள்வி – தாமிரபரணிப் பெண்:
திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம் ஒரு மாமரம் நிற்கிறது. நவம்பர் பிறந்தால் காய்களை அள்ளி மாளாது. அம்மா சொன்ன பக்குவத்தில் நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறிப் பாயில் உலர்த்தினேன். இரண்டாம் நாள் மழை பிடித்தது, நான்காம் நாள் பூசணம் பூத்தது. சென்ற ஆண்டும் இப்படியே ஆனது. என்ன தவறு செய்கிறேன்? வேலியோரம் தானாக முளைத்திருக்கும் கீரையையும் பறித்துச் சமைக்கலாமா?

பதில் – கரும்புத்தோட்டம்:
அம்மா, தவறு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. ஊரில் மாங்காயும் கோடை வெயிலும் சித்திரையில் சேர்ந்தே வருகின்றன. இங்கோ, ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், அதாவது மா காய்த்துப் பழுக்கும் அதே மாதங்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை ஓய்ந்த நாளிலும் கடற்காற்றின் ஈரம் துண்டுகளைக் காயவிடுவதில்லை. அதனால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இங்கே வற்றலை விட்டு எண்ணெய் ஊறுகாய்க்கு மாறினார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோ துண்டுக்கு 150 கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சள்தூளும் போட்டுக் கண்ணாடிச் சாடியில் மூன்று நாள் வையுங்கள்; தினமும் ஒரு முறை குலுக்கிவிட வேண்டும். ஊறிய நீரை வடித்து, துண்டுகளை வீட்டுக்குள் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு ஈரம் போக விடுங்கள். பிறகு மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகு, வெந்தயம் சேர்த்து, காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயைத் துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் செய்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாமல், சாடியோடு கொட்டிவிடுங்கள்.

வெயிலில் காயவேண்டியவற்றை ஜூன், ஜூலைக்கு ஒதுக்குங்கள். குளிர்காலம் என்று பெயரே தவிர, பகலில் 23 பாகை வெப்பமும் தெளிந்த வானமும் இருக்கும். எலுமிச்சையும் அப்போதுதான் நிறையக் காய்க்கிறது. மோர்மிளகாய்க்கும் அதுவே காலம்.

பதில் – ஃபீனிக்ஸ் அடுக்களை:
ஐயா சொல்வது சரி, ஆனால் வற்றலை அவர் இவ்வளவு எளிதில் கைவிட்டிருக்க வேண்டாம். உப்பில் ஊறி வடிந்த துண்டுகளை மின் அடுப்பில் 60 முதல் 70 பாகை வரையிலான சூட்டில், கதவைச் சற்றே திறந்துவைத்து, தோல்போல் வளையும்வரை உலர்த்துகிறேன். பெரும்பாலும் ஒரு பகல் பிடிக்கும். மின்வெட்டுக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கிப் பட்ட பாடு தனிக்கதை. ஊறுகாயில் பூண்டு சேர்ப்பவர்கள் அதை முதலில் வினிகரில் ஊறவைக்க வேண்டும். புளிப்பில்லாத பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடந்தால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நஞ்சு உண்டாகக்கூடும்.

பதில் – வேலியோரம்:
கீரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. படத்தைப் போட்டால் உறுதியாகச் சொல்லலாம், ஆனாலும் கோடை மழைக்கு இங்கே தானாக முளைப்பது பெரும்பாலும் தண்டுக்கீரை இனம்தான். ஜூலு மக்கள் இத்தகைய காட்டுக்கீரைகளை இமிஃபினோ என்று பொதுப்பெயரிட்டு விரும்பிச் சமைக்கிறார்கள். இலைக்கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதுவும் உண்ணத்தக்கதே, கையைக் காத்துக்கொள்ளுங்கள். பூக்கும் முன் இளங்கொழுந்தாகப் பறித்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். களைக்கொல்லி தெளிக்கும் சாலையோரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். மிஞ்சியதை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, குளிர்நீரில் ஆற்றிப் பிழிந்து, உறைபெட்டியில் வைத்தால் குளிர்காலத்திற்கும் உதவும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு கிலோ உப்பில் கிடக்கிறது. ஒரு பாதி எண்ணெய்க்கு, மறுபாதி அடுப்புக்கு. கீரையின் கணுவில் முள் இருக்கிறது, ஏற்கெனவே குத்தியும் விட்டது.