வீட்டில் பராமரிக்கப்படும் நோயாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்த அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு மகள்:

பக்கவாதம் வந்தபின் என் அம்மா படுத்த படுக்கையாகவே இருக்கிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுவதற்கும் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் ஒரு தனியார் சேவையிலிருந்து செவிலியர் வந்து போகிறார். பகல்நேரப் பணியில் குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல்கள் இரவில்தான் வருகின்றன. ஒரு நாள் இரவு அம்மாவுக்குப் பேச்சு முன்பின்னாகி, செயல்படும் கையால் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். யூரின் பேக்கில் மாலையில் பார்த்த அளவே இருந்தது, விரிப்போ நனைந்திருந்தது, அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. குழாய் அடைத்துக்கொண்டது என்று எனக்கே விளங்கிற்று. ஆனால் சேவை நிறுவனத்தின் எண்ணை அழைத்தபோது, காலை எட்டு மணிக்கு மேல் தொடர்புகொள்ளுமாறு ஒரு பதிவுக் குரல்தான் கேட்டது. வேறு வழியின்றி 108-ஐ அழைத்தோம்.

அவசரப் பிரிவு மருத்துவர் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியதுமே, வெண்படிவு கலந்த கலங்கிய சிறுநீர் பேக் நிறைய இறங்கியது. அம்மா அயர்ந்து தூங்கிவிட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து செய்துவிடக்கூடிய வேலை அது. அதற்காக, முதுகில் புண்ணோடு இருப்பவரை விடியும்வரை ஸ்ட்ரெச்சரில் கிடத்த வேண்டியதாயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றிப் புதிதாகச் சிவந்திருந்தது. அழைத்துச் சென்றது தவறென்று நான் சொல்லவில்லை. வருவதற்கு ஆளில்லாதபோது போவதுதான் சரி. வீட்டுப் பராமரிப்புக்கென்று மாதக் கட்டணம் வாங்குபவர்கள், இரவில் தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு செவிலியரையாவது வைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

மதுரை வட்டாரத்தில் வீடுகளுக்குச் செல்லும் செவிலியர்:

மேலே எழுதிய சகோதரியின் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. சிலிக்கான் பூசிய குழாயைப் பொதுவாக நான்கு வாரத்திலும், முழுச் சிலிக்கான் குழாயை 12 வாரத்துக்குள்ளும் மாற்றுகிறோம். அம்மாவைப் போலப் படிவு சேருபவர்களுக்கு அந்தக் கெடுவரை காத்திருக்கக் கூடாது. எப்போது மாற்றியது, என்ன அளவு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டிலேயே ஒட்டி வையுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படுபவை அவைதான். உடன் செல்பவர் பெரும்பாலும் பேரனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார், அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

எனினும், போகத் தேவையில்லாமல் போனவர்களைவிட, போக வேண்டிய நேரத்தில் தயங்கியவர்களே என்னை அதிகம் கவலைப்பட வைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் வீட்டுக்கே தரப்படுகின்றன. அவ்வகை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு மாலையில் சென்றிருந்தேன். வயிற்றிலிருந்து வெளியேறிய திரவம் நிறைந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தால் பைக்கு அடியில் இருக்கும் எழுத்துகளைப் படிக்க முடியும், அன்று தலைப்பைக்கூடப் படிக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் லேசாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று அவருடைய மனைவி சொன்னார். கலங்கிய திரவம் வயிற்று உள்ளுறையில் தொற்று ஏற்பட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லி, அந்தப் பையையும் கையோடு கொண்டுபோகச் சொல்லி அப்போதே அனுப்பி வைத்தேன். ஆன்டிபயாடிக் ஏற்றும் முன் பரிசோதனைக்கு அந்தத் திரவம்தான் தேவைப்படும். தொற்று உறுதியானது, டயாலிசிஸுக்காக வயிற்றில் வைத்த குழாயை எடுக்க வேண்டிய நிலை வராமலே அவர் தேறி வீடு திரும்பினார்.

குழாய் வைத்தவருக்குக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், புதிதாக வந்த மயக்கமோ குழப்பமோ, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உணவு செலுத்தும் மூக்குக்குழாய் பாதி கழன்று வந்தால் அதை நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

கோவையிலிருந்து ஒரு பேரன்:

எங்கள் அம்மிச்சிக்குச் சர்க்கரை மாத்திரை மாதந்தோறும் வீட்டுக்கே வந்துவிடும். சில வாரங்களாகவே சாப்பாடு குறைந்திருந்தது. மாத்திரையின் அளவு மட்டும் குறையவில்லை. ஒரு விடியற்காலை உடலெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தார். குளுக்கோமீட்டர் 42 காட்டியது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று 108-இல் பேசியவர் சொன்னதால், அத்தை கரைத்து வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்காமல் தடுத்தோம். நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து காபி கேட்டார். உடனே வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், முதுமையில் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இன்னும் நீளும், ஆகவே சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று மருத்துவர் விளக்கி, மறுநாள்வரை வைத்துப் பார்த்தார். அன்று பிற்பகலில் உண்மையாகவே மீண்டும் இறங்கியது.

இப்போது அந்த மாத்திரை நிறுத்தப்பட்டுவிட்டது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் சர்க்கரை அளவைப் பார்ப்பதோடு, காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.