பத்து நாளில் பதில் கேட்டு ஸ்பானியக் கடிதம்: சட்ட மொழியில் எப்படி எழுதுவது?

புதுக்குடி_பார்சலோனா
அக்கா, அண்ணன்மாரே, இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. குடியிருப்பு அனுமதிக்காக விண்ணப்பித்த அலுவலகத்திலிருந்து 'ரெகெரிமியெந்தோ' என்ற தலைப்பில் கடிதம் வந்திருக்கிறது. பத்து நாள் என்பது மட்டும் புரிகிறது. எனக்குக் கடையில் காய் வாங்கும் அளவுக்குத்தான் ஸ்பானியம் தெரியும். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களா? கைகால் ஓடவில்லை.

மாட்ரிட்வாசி
தங்கையே, முதலில் மொழியைப் படியுங்கள். நான் வந்த புதிதில் ஒரே அறையில் ஐந்து பேர் தங்கினோம். பகலெல்லாம் உணவகத்தில் வேலை, இரவில் இலக்கணம். யாரையும் 'தூ' என்று ஒருமையில் அழைக்காதீர்கள், 'உஸ்தெத்' என்றே சொல்லுங்கள். கடிதத்தை 'முய் சென்யோர் மீயோ', அதாவது 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்குங்கள்.

வலென்சியா_தமிழன்
அண்ணா சொல்லும் தொடக்கம் பழைய வணிகக் கடிதத்துக்கு உரியது, அரசு மனுவுக்குத் தேவையில்லை. பேசாமல் வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

செவில்யா_2019
வழக்கறிஞரா? என்னிடம் 300 யூரோ வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

மாட்ரிட்வாசி
அதைவிடக் கொடுமை முன்பதிவு. 'சித்தா' கிடைக்க எத்தனை இரவு கண் விழித்தேன்!

பில்பாவோ_அக்கா
அந்தப் பெண் பயந்துபோய் நிற்கிறாள், நம் கதையைப் பிறகு பேசுவோம். தங்கச்சி, கடிதம் எந்த நாள் கைக்கு வந்தது, எந்த ஆவணம் கேட்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லையே.

இது நிராகரிப்பு அல்ல. விண்ணப்பத்தில் உள்ள குறையைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல் 'சுப்சானார்'. அரசு அலுவலக நடைமுறைக்கான 39/2015 சட்டத்தின்படி, 'நாத்துராலெஸ்' (விடுமுறையும் சேர்ந்த நாட்காட்டி நாள்) என்று குறிப்பிடாத வரை, நாள் என்றால் வேலை நாள்தான். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. கைக்கு வந்ததற்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் பதிலே தராவிட்டால் விண்ணப்பத்தை நீயே கைவிட்டதாக முடித்துவிடுவார்கள்.

பதில் நம் ஊர் மனு போலத்தான். மேலே பெயர், வெளிநாட்டவர் எண், 'எக்ஸ்பெதியெந்தே' எனப்படும் கோப்பு எண், முகவரி. பிறகு பெரிய எழுத்தில் 'எக்ஸ்போனெ': இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அடுத்து 'சொலிசித்தா': இங்கே வேண்டுவதைச் சொல்ல வேண்டும். இரண்டு சொல்லும் படர்க்கை வினை. மனுதாரர் கூறுகிறார், வேண்டுகிறார் என்று பொருள். அதனால் உள்ளேயும் 'நான்' வேண்டாம். அலங்காரம் எதுவும் வேண்டாம், தேதியும் எண்ணும் பிசகாமல் இருந்தால் போதும்.

புதுக்குடி_பார்சலோனா
அக்கா, வியாழக்கிழமை கையெழுத்திட்டு வாங்கினேன். திருமணச் சான்றிதழில் அபோஸ்தில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக உறுதிசெய்யும் சான்று இருக்கிறது, ஸ்பானிய மொழிபெயர்ப்பு இல்லை.

பில்பாவோ_அக்கா
அப்படியானால், நடுவில் விடுமுறை வராவிட்டால், இரண்டு வாரம் கழித்து வரும் வியாழன்தான் கடைசி நாள். 'த்ரதுக்தோர் ஹுராதோ' என்ற அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் இன்றே கொடு. அபோஸ்தில் பக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொல். தாமதமாகும் போலிருந்தால், கெடு முடிவதற்குள்ளேயே ஐந்து நாள் வரை நீட்டிப்புக் கேட்டு எழுது, 'அம்ப்லியாசியோன் தே ப்லாசோ' என்பது அதன் பெயர். மனுவைக் கொடுத்ததும் தேதி முத்திரையிட்ட நகலை வாங்காமல் வெளியே வராதே.