தண்ணி கட்டிய பாத்தியிலும் கடலை இலை சுடுகிறது – கருவி கோளாறா?

கேட்டவர் (பல்லடம் பக்கம்):
வணக்கமுங்க. செம்மண் காட்டில் நிலக்கடலை, 48 நாள் ஆச்சு. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற காம்பு) இறங்குகிற நேரம், இப்போது தண்ணி தவறினால் காய் பிடிக்காது. கிணற்றில் ஒன்றரை மணி நேரத் தண்ணிதான். எந்தப் பாத்திக்கு முதலில் விடுவது என்று பார்க்க, தொடாமலே சூடு காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். காய்ந்த பாத்தியில் 43 டிகிரி. முந்தாநாள் தண்ணி கட்டியதிலும் 41! நிழலில் காற்று 35. கருவியை மாற்றிவிடலாமா?

தாராபுரம்:
எப்படிப் பிடித்தீங்க?

கேட்டவர்:
மதியம் 1 மணிக்கு, நெஞ்சளவில் வைத்து நேர் கீழே.

தாராபுரம்:
நேரம் சரிதான், பிடித்ததுதான் தப்பு. கருவியில் 12:1 என்று இருந்தால், 120 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 10 செ.மீ. வட்டத்தின் சராசரியைக் காட்டும். சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான். உங்கள் கொடி இன்னும் சால் மூடியிருக்காது, நடுவில் தெரிகிற செம்மண் இந்த வெயிலில் 50ஐத் தொடும். அந்தச் சூடும் கலந்துதான் 41. வாடின செடி இலையை மடக்கிக்கொள்ளும், மண் இன்னும் அதிகமாகத் தெரியும். ஒரு முழத்துக்குள், சாய்வாக, இலை மட்டும் படுகிற மாதிரிப் பிடியுங்க. பாத்திக்குப் பத்துச் செடியாவது பாருங்க. மேகம் மறைத்தால் காத்திருங்க.

கோபி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க தம்பி. இலைச்சூட்டிலிருந்து காற்றின் சூட்டைக் கழித்துப் பாருங்க. தண்ணி கிடைக்கிற இலை நீரை ஆவியாக விட்டுக் குளிரும், வறண்ட காற்றில் காற்றைவிடச் சில டிகிரி கீழே நிற்கும். ஈரக்காற்றில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அதனால் நன்றாகத் தண்ணி கட்டிய பாத்தி ஒன்றை அதே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கிற ஆனி, ஆடியில் எல்லா இலையும் காற்றின் சூட்டுக்கே வந்துவிடும், அப்போது இதை நம்பாதீங்க.

கேட்டவர்:
இன்று அளந்தேனுங்க. காற்று 35, நனைந்த பாத்தி 31, காய்ந்தது 37. மனசு லேசாச்சு. ஆனால் நனைந்த பாத்தியின் கீழ்மூலை மட்டும் 36. மண் கையில் ஒட்டுகிறது, அப்படி ஈரம்.

கோபி:
அங்கே தண்ணியே விடாதீங்க! வேரோ தண்டோ அழுகினாலும் நீர் மேலே ஏறாது, இலை சுடத்தான் செய்யும். ஒரு செடியைப் பிடுங்கித் தண்டின் அடியைப் பாருங்க.

கேட்டவர்:
பிடுங்கினேன். அடித்தண்டில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது, கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருக்கு.

கோபி:
தண்டழுகல் பூஞ்சணம். அந்தச் செடிகளை மண்ணோடு அள்ளி வெளியே போட்டு எரித்துவிடுங்க.

கேட்டவர்:
சரிங்கண்ணா. அந்த மூலைக்கு மடையை அடைத்துவிட்டேன். சாயங்காலத் தண்ணி 37 காட்டின பாத்திக்கு.