கேன் நுரையா, பிரஷ்ஷா? தினசரி ஷேவிங் பற்றி ஒரு விவாதம்

டாலஸ்_மதுரைக்காரன்:
வேறொரு இழையில் ‘கேன் நுரை போடுகிறவன் தன் முகத்தையே மதிக்காதவன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பேச்சு திசை மாறிவிட்டதால் இங்கே தனியாகக் கேட்கிறேன். வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் நான் ஷேவ் பண்ண வேண்டும். இங்கே அமெரிக்கக் கடைகளில் கீழ்த்தட்டில் மலிவாகக் கிடக்கும் ‘பார்பசால்’ என்ற ஷேவிங் நுரைக் கேன்தான் வாங்குகிறேன். அதைப்போல நான்கு மடங்கு விலையுள்ள கேனைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், ட்ரைஎத்தனாலமின், நுரையைத் தள்ளும் வாயு என்று பட்டியலின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். வாசனை, கற்றாழை, டப்பாவின் பளபளப்பு இவற்றுக்குத்தான் மீதிக் காசு. தினசரி ஷேவிங்குக்கு மலிவான கேன் தாராளமாகப் போதும்.

பிரஷ்_பிரியன்_திருச்சி:
அதை எழுதியது நான்தான் தம்பி. இப்போதும் அதையேதான் சொல்வேன். கேனிலிருந்து வரும் நுரையில் பெரும்பங்கு காற்று. முடியின் மேல் அது உட்காருமே தவிர அடிவரை போகாது. பிரஷ்ஷைச் சுழற்றும்போது படுத்திருக்கும் முடி நிமிர்கிறது, தண்ணீர் முடியின் அடி வரைக்கும் இறங்குகிறது. கன்னத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம், கழுத்தில் தெரிந்துவிடும். அங்கே முடி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பக்கம் வளர்கிறது. தினமும் ஷேவ் பண்ணுகிறவனுக்குத்தான் இந்தக் கவனம் அதிகம் வேண்டும். நேற்றைய எரிச்சல் ஆறுவதற்குள் இன்றைய பிளேடு வந்துவிடுகிறது.

வேதிப்_பித்தன்:
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஸ்டியரிக் அமிலமும் ட்ரைஎத்தனாலமினும் சேர்ந்தால் கிடைப்பது சோப்புதான். டியூப் கிரீமில் அதே அமிலத்தோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள், அதுவும் சோப்புதான். ஆக அடிப்படையில் இரண்டும் நெருங்கிய உறவு. முடியை இளக்குவது சோப்பு இல்லை, தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தாடி முடி வீங்கி, வெட்டுவதற்கு எளிதாகிவிடும். பிரஷ் போடுகிறவர் சுழற்றிக்கொண்டே இருப்பதால் அந்த நேரம் தானாகக் கிடைக்கிறது. கேன்காரர் பூசியவுடன் பிளேடை வைத்துவிடுகிறார். பழி முழுக்க நுரையின் மேல் விழுகிறது. குளித்து முடித்த கையோடு ஷேவ் பண்ணினால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டாலஸ்_மதுரைக்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். பார்பசாலின் கதையே அப்படித்தான் தொடங்கியது. ஃபிராங்க் ஷீல்ட்ஸ் என்ற பேராசிரியர் 1919-இல் அதைக் கொண்டுவந்ததே, பிரஷ்ஷும் நுரை அடிக்கும் வேலையும் இல்லாமல், எரிச்சல் குறைவாக ஷேவ் பண்ணத்தான். அப்போது டியூப். 1949-இல் ‘ரைஸ்’ என்ற பெயரில் முதல் அழுத்தக் கேன் வந்த பிறகு மற்றவர்களும் கேனுக்கு மாறினார்கள். இத்தனை வருடம் இத்தனை பேர் முகத்தைக் கெடுத்துக்கொண்டா இருந்தார்கள்?

சரவணம்பட்டி_வாசகன்:
டாலஸ் நண்பரே, மலிவு என்று நீங்கள் சொல்வது உங்கள் ஊருக்குத்தான் பொருந்தும். இங்கே மளிகைக் கடையில் மலிவாகக் கிடைப்பது கோத்ரெஜ், விஜான் மாதிரி டியூப்தான். ஒரு டியூப் மாதக்கணக்கில் வரும், பிரஷ் அதைவிட நீண்ட நாள் உழைக்கும். கேன் வாங்கினால் கை நிறைய நுரை எடுத்து, பாதியைக் குழாயடியில்தான் கழுவிவிடுகிறோம். 2025 செப்டம்பரில் ஷேவிங் கிரீமுக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் எங்கள் வீட்டுக் கணக்கில் டியூப்தான் ஜெயிக்கிறது.

மடிப்பாக்கம்_போர்வெல்:
எங்கள் பகுதித் தண்ணீரில் டியூப் கிரீமை எவ்வளவு தேய்த்தாலும் நுரை சரியாக எழும்புவதில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து, வெள்ளைப் படிவமாகக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேன் நுரை தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே கொண்டுவருகிறது, குழாயில் வருவது எப்படி இருந்தாலும் நுரை நுரையாகவே வரும். ரேசரைக் கழுவும்போது படிவம் வரத்தான் செய்யும், அது வேறு விஷயம். காவிரித் தண்ணீர் வரும் ஊரில் இருந்துகொண்டு எங்களுக்குப் பிரஷ் பாடம் எடுக்க வேண்டாம் சார்.

பிரஷ்_பிரியன்_திருச்சி:
போர்வெல் நண்பர் சொல்வது நியாயமான பிரச்சினை. அவர் ஒரு குவளை கேன் வாட்டர் எடுத்துக்கொண்டால் போதும், ஒரு ஷேவுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. ஆனால் நுரைக் கேனின் மற்ற தொல்லைகளை ஏன் யாரும் பேசவில்லை? ஈரமான குளியலறையில் வைத்தால் அடியில் துருப்பிடித்து டைல்ஸில் வட்டமாகக் கறை படிகிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுவை அமெரிக்காவில் 1978-லேயே ஸ்ப்ரே கேன்களில் தடை செய்துவிட்டார்கள், சரி. இப்போது பெரும்பாலும் அடைப்பது ஐசோபியூட்டேன், புரொப்பேன். நம் அடுப்பு எரிவாயுவின் குடும்பம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, துளையிடக் கூடாது, எரிக்கக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். நம் ஊரில் தெருமுனைக் குப்பையை எப்படிக் கொளுத்துகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு கேன் கிடந்தால்?

தஞ்சை_நிலா:
அண்ணன்மார்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா படுக்கையில் இருக்கிறார், நான்தான் அவருக்கு ஷேவ் பண்ணிவிடுகிறேன். கிண்ணம், பிரஷ், தண்ணீர் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் தலையணை நனையும், அப்பாவுக்குக் குளிரும். இப்போது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சில நிமிடம் தாடையில் வைத்துவிட்டு, கொஞ்சம் கேன் நுரை பூசுகிறேன். வெள்ளையாக இருப்பதால் எங்கே எடுத்தேன், எங்கே விட்டேன் என்று தெரிகிறது. அவரும் முகம் சுளிப்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலக்ட்ரிக் ரேசர்தான் பாதுகாப்பு. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷ்_பிரியன்_திருச்சி:
தங்கச்சி, உங்களிடம் எனக்கு எதிர்வாதமே கிடையாது. ஈரத் துண்டு போடுகிறீர்களே, பிரஷ் செய்கிற வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது. அப்பா சீக்கிரம் எழுந்து உட்காரட்டும். நான் கேட்பது, கையும் காலும் திடமாக இருக்கிற இளைஞனுக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காதா என்றுதான்.

டாலஸ்_மதுரைக்காரன்:
அண்ணா, இரண்டு நிமிடம் இருக்கிறது. அதை முகத்தை நனைப்பதில் செலவழிக்கிறேன், மிச்சமாகும் காசைப் பிளேடில் போடுகிறேன். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் பொதுமக்களுக்குச் சொல்வதைப் பாருங்கள். முடியையும் தோலையும் நனை, ஷேவிங் கிரீமோ ஜெல்லோ பூசு, முடி வளரும் திசையிலேயே மழி, ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரை அலசு, 5 முதல் 7 ஷேவுக்குள் பிளேடை மாற்று. அதில் பிரஷ் கட்டாயம் என்று இல்லை. விலை உயர்ந்த கிரீம் போட்டுவிட்டு மழுங்கின பிளேடை வாரக்கணக்கில் இழுக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கழுத்தில் பொரிப்பொரியாக வந்ததும் கிரீமைத் திட்டுகிறார்கள்.

வேதிப்_பித்தன்:
ஒன்று சேர்க்கிறேன். எரிச்சல் வந்தால் வாசனைப் பொருளையும் சந்தேகப்படுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு மலிவான கேனும் சரி, விலை உயர்ந்த டியூப்பும் சரி, ஒன்றுதான். மணமில்லாத வகை இரண்டிலும் கிடைக்கிறது. அப்புறம் சுருட்டை முடிக்காரர்களுக்கு: எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் முடி நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். அதை எந்த நுரையும் தடுக்காது.

பிரஷ்_பிரியன்_திருச்சி:
பேசிக்கொண்டே இருந்தால் முடியாது. ஒரு பந்தயம் தம்பி. ஒரு வாரம் இடது பக்கம் உங்கள் கேன், வலது பக்கம் டியூப்பும் பிரஷ்ஷும். ஒரே ரேசர்.

டாலஸ்_மதுரைக்காரன்:
சம்மதம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நேரம் ஊற வேண்டும், பிளேடு புதிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடே செல்லாது.

பிரஷ்_பிரியன்_திருச்சி:
சரி. கன்னத்தோடு நிறுத்தக் கூடாது, கழுத்தும் கணக்கில் வர வேண்டும். வாரம் முடிந்ததும் இங்கேயே எழுதுங்கள், நானும் அதே மாதிரி செய்து எழுதுகிறேன். திருச்சியில் எந்தக் கேன் கிடைக்கும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.