எலக்ட்ரானிக் பாப் ஆல்பம்: எல்லாப் பாட்டையும் -14க்கு வைத்தும் சத்தம் ஏறி இறங்குவது ஏன்?

ஒத்தசுருதி:

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் முதல் ஆல்பம். 9 பாட்டு, 38 நிமிடம். சின்த், ட்ரம் மெஷின், ஒரு குரல். ஒருவர் ஏபிள்டன் லைவில் இசை அமைக்கிறார், இன்னொருவர் லாஜிக்கில் குரல் பதிந்து மிக்ஸ் செய்கிறார். மாஸ்டரிங்கில் (மிக்ஸுக்குப் பிறகு செய்யும் கடைசி மெருகேற்றம்) மூன்று இடத்தில் வண்டி நிற்கிறது.

ஒன்று, எல்லாப் பாட்டும் மீட்டரில் -14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு). ஆனாலும் வரிசையாகக் கேட்டால், குரலும் பேடும் (நீண்டு இழுபடும் சின்த் ஒலி) மட்டும் உள்ள 4ஆம் பாட்டு காதில் அறைகிறது. அடுத்து வரும் டான்ஸ் பாட்டு சோப்ளாங்கியாக இருக்கிறது. இரண்டு, 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 பீட்) பாட்டில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் கருவி) போட்டதும் கிக் (ட்ரம்மின் தாழ்ந்த 'தும்' அடி) காணாமல் போகிறது, அதுவும் சில அடிகளில் மட்டும். மூன்று, 6ஆம் பாட்டும் 7ஆம் பாட்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரவேண்டும். எக்ஸ்போர்ட் செய்தால் நடுவில் ஒரு 'டிக்' விழுகிறது.

மீட்டர்மணி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். -14 என்பது நீங்கள் எட்டவேண்டிய இலக்கு இல்லை. ஸ்பாட்டிஃபை தன் பக்கத்தில் பாட்டை ஒலிக்கும்போது எந்த அளவுக்கு ஏற்றும், இறக்கும் என்பதற்கான எண், அவ்வளவுதான்.

லஃப்ஸ் எண் முழுப் பாட்டின் சராசரி. டான்ஸ் பாட்டில் அந்தச் சக்தியை கிக், பேஸ், சின்த், குரல் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. 4ஆம் பாட்டில் பங்காளியே இல்லை, குரல் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் எண் ஒன்றாக இருந்தாலும் அங்கே குரல் சில டெசிபல் தூக்கலாக நிற்கும். கேட்பவர் ஆல்பத்தைக் குரலை வைத்துத்தான் அளக்கிறார், மீட்டரை வைத்து இல்லை.

புது ப்ராஜெக்ட் திறந்து 9 மிக்ஸையும் லிமிட்டர் இல்லாமல், 24 பிட்டில் வரிசையாக வையுங்கள். மானிட்டர் வால்யூமை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. ஆல்பத்தின் மிக அடர்த்தியான பாட்டை முதலில் முடியுங்கள், அதுதான் அளவுகோல். ஒவ்வொரு பாட்டின் கோரஸிலிருந்தும் 15 விநாடி எடுத்து, அளவுகோல் பாட்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரல் இரண்டிலும் ஒரே தூரத்திலிருந்து பாடுவதுபோல் தோன்றும்வரை அரை அரை டெசிபலாக நகர்த்துங்கள். கடைசியில், ஒரு பாட்டின் கடைசி 20 விநாடியும் அடுத்ததன் முதல் 20 விநாடியும் சேர்ந்து எப்படி விழுகின்றன என்று பாருங்கள்.

இப்படிச் செய்தால் டான்ஸ் பாட்டு -9 பக்கமும் 4ஆம் பாட்டு -13 பக்கமும் வந்து நிற்கலாம். பயப்படாதீர்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவில்தான் இறக்கும், பாட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும். ஷஃபிளில் போட்டால்தான் பாட்டுக்குப் பாட்டு தனியாகச் சரிசெய்யும். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) -1 டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள். -14ஐவிடச் சத்தமான மாஸ்டருக்கு ஸ்பாட்டிஃபையில் -2 வைக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் சுருக்கிய ஃபார்மட்டுக்கு மாற்றும்போது பீக் கொஞ்சம் ஏறும்.

சப்பாத்திபேஸ்:

"சில அடிகளில் மட்டும்"னு சொன்னதுலயே பாதி விடை இருக்கு. லிமிட்டர் மேல பழி போடாதீங்க. உங்க பேஸ் சின்த்ல ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்குற பகுதி) ஃப்ரீ ரன்ல, அதாவது நிக்காம தன்பாட்டுக்கு ஓடுது, அதான் ஒவ்வொரு நோட்டும் அலையோட வேற வேற இடத்துல தொடங்குது. கிக்கோட வால் 50 ஹெர்ட்ஸ் பக்கம், பேஸ் ஜி1 வாசிச்சா 49 ஹெர்ட்ஸ். ஒரு அடியில ரெண்டும் சேர்ந்து எகிறும், லிமிட்டர் ஓங்கி அமுக்கும். அடுத்த அடியில எதிரெதிரா நின்னு ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

சின்த்ல ரீட்ரிக்கர் இல்லேன்னா ஃபேஸ் ரீசெட்னு இருக்கும், ஆன் பண்ணுங்க, ஒவ்வொரு நோட்டும் அலையோட ஒரே இடத்துல தொடங்கும். அப்புறம் பேஸை ஆடியோவா பௌன்ஸ் பண்ணி கிக் ட்ராக்குக்குக் கீழ வெச்சு, ஒரே ஒரு அடியை நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. கிக்கோட வால்ல வர்ற மேடும் பேஸோட மேடும் ஒரே பக்கம் இருக்கணும். ஒண்ணு மேட்டுல, இன்னொண்ணு பள்ளத்துலன்னா பேஸோட போலாரிட்டியைத் திருப்பிப் போடுங்க.

அதுக்குப் பிறகுதான் சைட்செயின், அதாவது கிக் விழும்போதெல்லாம் கம்ப்ரெஸர் பேஸை இறக்குறது. 122 பிபிஎம்ல ஒரு பீட் 492 மில்லிசெகண்ட், பாதி 246. ரேஷியோ 4:1, அட்டாக் (இறங்க ஆகுற நேரம்) 1லேருந்து 2 மில்லிசெகண்ட், ரிலீஸ் (திரும்பி ஏற ஆகுற நேரம்) 150லேருந்து 180. கிக் விழும்போது பேஸ் 6 டெசிபல் இறங்கினா போதும். ரிலீஸை 20, 30க்குக் குறைச்சா 'பர்ர்'னு ஒரு சத்தம் வரும். 49 ஹெர்ட்ஸ்ல ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், கம்ப்ரெஸர் அலையையே துரத்த ஆரம்பிச்சுடும். 250க்கு மேல போனா ஆஃப்பீட்ல (ரெண்டு பீட்டுக்கு நடுவுல) பேஸ் இன்னும் திரும்பி வந்திருக்காது, பாட்டு நொண்டும்.

ஒத்தசுருதி:

ரீட்ரிக்கர் போட்டும் அடிகள் முழுசாகச் சமமாகவில்லை. யூனிசனில் (ஒரே நோட்டைச் சேர்ந்து வாசிக்கும் அடுக்கு) 2 வாய்ஸ், கொஞ்சம் டிட்யூன் (சுருதி விலகல்) இருக்கிறது. அதை 1 ஆக்கினால் சமமாகிறது, ஆனால் பேஸ் மெலிந்துவிடுகிறது.

சப்பாத்திபேஸ்:

டிட்யூன் இருந்தா ரெண்டு வாய்ஸும் ஒண்ணா தொடங்கினாலும் போகப்போக விலகும். அதனால பேஸை ரெண்டா பிரிங்க. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒரே வாய்ஸ் சைன், மோனோ. மேல உங்க பழைய யூனிசன் பேட்ச், 120ல ஹை பாஸ் போட்டு (அதுக்குக் கீழ உள்ளதை வெட்டி), வேணும்னா கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசா ஒலியைச் சிதைக்கிறது). போன் ஸ்பீக்கர்ல 49 ஹெர்ட்ஸ் வரவே வராது, அங்க பேஸ்னு காதுக்குப் படுறதெல்லாம் இந்த மேல் லேயர்தான்.

டேப்தலை:

'டிக்' விஷயம். 6, 7 இரண்டையும் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 7ஆம் பாட்டின் லிமிட்டரும் ரிவெர்ப்பும் வெறுமையிலிருந்து தொடங்கும். 6இன் கடைசி சாம்பிளும் (ஒலி அலையின் ஒரு புள்ளி) 7இன் முதல் சாம்பிளும் ஒரே உயரத்தில் இருக்காது, அந்தப் படிக்கட்டுதான் டிக். சில மென்பொருளில் கிளிப் ஓரத்தில் தானாக விழும் குட்டி ஃபேடும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டையும் ஒரே நீளக் கோப்பாக மாஸ்டர் செய்து, கடைசியில் வெட்டுங்கள். சாம்பிள் ரேட் மாற்றுவதும் 16 பிட்டுக்கு டித்தர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போடுவதும் வெட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிடியும் போடுவதாக இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பாட்டு ஆரம்பிக்கும் இடம் 588 சாம்பிளின் மடங்கில் விழவேண்டும். சிடியில் ஒரு ஃப்ரேம் அவ்வளவுதான், விநாடிக்கு 75 ஃப்ரேம். சரிபார்க்கும்போது வேவ் கோப்பிலேயே கேளுங்கள். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்திலும் கடைசியிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியைப் பார்த்து மாஸ்டரைச் சந்தேகப்படுபவர்கள் நிறைய.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். இடையில் இழுபடும் ட்ரோன் 6இன் வாலாக இருக்கட்டும். 7 தன் முதல் பீட்டில் தொடங்கட்டும், அப்போதுதான் அதைத் தனியாக யாராவது பிளேலிஸ்ட்டில் போட்டாலும் அரைகுறையாகத் தெரியாது. 6ஐ வேறு முடிவோடு சிங்கிளாக விட்டால் அது தனிப் பதிவு, அதற்குத் தனி ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண்) எடுங்கள்.

மீட்டர்மணி:

இரண்டு மென்பொருளுக்கு நடுவே ப்ராஜெக்ட் கோப்பையும் மிடியையும் (ஒலி இல்லாத நோட்டுத் தகவல்) மட்டும் அனுப்பிக்கொள்கிறீர்களா? ஃப்ரீ ரன் சின்த் என்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பேஸ் வேறு மாதிரி வரும். ஆடியோ ஸ்டெம்மாக (ஒவ்வொரு பகுதியும் தனி ஒலிக்கோப்பாக) அனுப்புங்கள், எல்லாம் முதல் பாரிலிருந்து தொடங்கட்டும். 'தி போஸ்டல் சர்வீஸ்' என்ற இசைக்குழுவின் பெயரே அப்படி வந்ததுதான். ஜிம்மி டாம்பொரெல்லோ இசையை டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புவார், பென் கிப்பர்ட் அதன்மேல் குரலைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். 2003இல் வந்த 'கிவ் அப்' அப்படி உருவான ஆல்பம்.

அனுப்பும் முன் இரண்டு பக்கமும் சாம்பிள் ரேட் ஒன்றா என்று பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 44.1 என்று எடுத்துக்கொண்டால் பாட்டு மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கிவிடும்.

டேப்தலை:

வினைல் யோசனை இருந்தால் இப்போதே வரிசையைப் பாருங்கள். 38 நிமிடம் என்றால் பக்கத்துக்கு 19, 33⅓ வேகத்தில் தாராளமாக அடங்கும். ஆனால் ஊசி உள்ளே போகப்போக பள்ளம் ஓடும் வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டரிலிருந்து 20 பக்கம் இறங்கிவிடும், 'ஸ' 'ஷ' எல்லாம் அங்கேதான் கிழியும். பளிச்சென்ற பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள். 4ஆம் பாட்டை முதல் பக்கத்தின் முடிவுக்குத் தள்ள முடியுமா பாருங்கள், அதில் டி எஸ்ஸர் (குரலின் 'ஸ' சீற்றத்தைக் குறைக்கும் கருவி) மட்டும் கவனமாகப் போட்டால் போதும்.